வலப்பக்கத்திலிருந்து

கணக்கு வாத்தியாருக்குப் பள்ளியில் ‘ஏன் வாத்தியார்’ என்று பெயர். முக்கோணவியல் முற்றொருமையை நிரூபிக்கிற பிள்ளை ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குத் தாவினால் போதும், “ஏன்?” என்று குறுக்கே வந்து நிற்பார். நிரூபிக்க வேண்டியதையே உண்மை என்று வைத்துக்கொண்டு ஆரம்பித்தவனுக்கோ சுழியம்தான்.

அப்பேர்ப்பட்ட மனிதர் அன்று சாயங்காலம் மகளின் விடைத்தாளோடு முகம் வாடி வீட்டுக்கு வந்தார். கேள்வித்தாளைத் தயாரித்தவர் அவர். வகுப்பே இடப்பக்கத்தை விரித்து மல்லுக்கட்டிய கணக்கில், மகள் மட்டும் வலப்பக்கத்தைப் பிடித்து, மேலும் கீழும் ‘ஒன்று கழித்தல் காஸ்’ஸால் பெருக்கி, அநாயாசமாக முடித்திருந்தாள். அவருடைய விடைக்குறிப்பும் வரிக்கு வரி அப்படியே. துணைத் தலைமையாசிரியை இரண்டையும் சேர்த்துவைத்துப் பார்த்தார். “காப்பியடிச்சதுன்னா அவ தேர்வு ரத்து சார். நாளைக்கு ஒரு முடிவு சொல்லுங்க.”

அந்த விடைக்குறிப்பு தேர்வுக்கு முன்னால் சாப்பாட்டு மேசையில் தண்ணீர் ஜாடிக்கு அடியில் கிடந்தது அவருக்கு நினைவு வந்தது. அவள் அந்த மேசையில்தான் படித்தாள். தேர்வு முடிந்து சிரித்துக்கொண்டே வந்தாள். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தாமல் என்ன செய்யும், முடிவை முதலிலேயே எழுதிவிட்டாரே.

“விடைக்குறிப்பை எடுத்துப் பாத்தியாம்மா?”

மகள் சாப்பாட்டிலிருந்து நிமிர்ந்தாள். “இல்லப்பா.”

“பாத்திருந்தா சொல்லிடு. நான் பேசிக்கறேன்.”

அவள் எழுந்து கை கழுவி, அடுக்களைச் சுவரில் மாட்டியிருந்த சின்னக் கரும்பலகையைத் துடைத்தாள். “புதுசா ஒண்ணு குடுங்க.”

அவர் எழுதினார்: சீக்கன்ட் கழித்தல் டேன்ஜென்ட், சமம், காஸ் வகுத்தல் ‘ஒன்று கூட்டல் சைன்’. அவள் யோசிக்கக்கூட இல்லை. வலப்பக்கத்தை எடுத்து, மேலும் கீழும் ‘ஒன்று கழித்தல் சைன்’ஆல் பெருக்கினாள். கீழே காஸ் வர்க்கம் வந்தது. மேலே ஒரு காஸ், கீழே ஒரு காஸ் அடித்தாள். மிச்சத்தை இரண்டு பின்னமாகப் பிரித்ததும் இடப்பக்கம் வந்துவிட்டது.

“ஏன் வலப்பக்கம்?” பழக்கதோஷம், கேட்டுவிட்டார்.

“அங்கதான் கீழே கூட்டல் இருக்கு. வர்க்கமூலம் கீழே வந்தா, கூட்டலுக்குக் கழித்தலால பெருக்குன்னு போன வருஷம் நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க. இங்கயும் செல்லுமேன்னு தோணுச்சு.”

அவருக்குப் பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. ஊரார் பிள்ளைகளை வரிக்கு வரி கேட்டவர், பெற்ற பிள்ளையிடம் இந்த ஒரு ‘ஏன்’ கேட்கவில்லை.

“நீயே போட்டதுன்னு காலையில மேடம்கிட்ட சொல்லிடறேன்” என்றார். பிறகு பலகையைப் பார்த்தார். “‘எனவே நிரூபிக்கப்பட்டது’ எழுதலையே?”

அவள் சாக்கட்டியை அவர் கையில் வைத்தாள். “அதை நீங்களே எழுதிக்குங்கப்பா. எனக்கு ‘இல்லப்பா’ன்னு சொன்னதோட முடிஞ்சுபோச்சு.”

அவள் போய் மறுபடி சாப்பிட உட்கார்ந்தாள். அவர் சாக்கட்டியோடு பலகை முன்னால் நின்றார். கை எழவில்லை.