எலி டாக்டர்

ஜன்னல் திரை மாட்டுவது அவள் தொழில். தைப்பது கணவன். ஸ்டூல் சறுக்கி விழுந்து தோள்பட்டை நழுவியதிலிருந்து அவளுடைய வலது கை காதுக்கு மேலே போக மறுத்தது. கை தூக்காமல் திரை மாட்ட முடியாது. புது ஹோட்டல் ஒன்றின் வேலை காத்திருந்தது. அவளால் முடியாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்.

பிசியோதெரபி டாக்டரிடம் ஒரு தந்திரம் இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு ஏதாவது ஓர் ஆங்கிலச் சொல்லின் பூர்வீகத்தை எடுத்துவிடுவார். கதை சூடுபிடிக்கும் இடத்தில் ஓர் இழுப்பு.

"மஸில்னா லத்தீன்ல சின்ன எலின்னு அர்த்தம்க்கா. தோலுக்கு அடியில எலி ஓடுற மாதிரி தெரியுதில்ல..."

"ஐயோ!" என்று அலறினாள். அன்றிலிருந்து வீட்டில் அவர் பெயர் எலி டாக்டர்.

‘நைஸ்’ என்றால் ஒரு காலத்தில் ஒன்றும் தெரியாதவன் என்று அர்த்தமாம். அதை மறைத்துவைத்து, "நீங்க ரொம்ப நைஸுங்க" என்று கணவனிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவனும் பூரித்துப்போனான். விஷயம் தெரிந்ததும் டாக்டர்மேல் அவனுக்குக் கடுப்பு.

அடுத்து வந்தது விண்டோ.

"காத்தோட கண்ணுன்னு அர்த்தமாம். இத்தனை வருஷமா கண்ணுக்குத்தான் திரை மாட்டியிருக்கேன்!" என்றாள்.

கணவன் தையல் மெஷினிலிருந்து நிமிரவில்லை. "ரீல் விடுறாரு. என் நூல் ரீலைவிட நீளம். வலி தெரியாம இருக்கக் கதை சொன்னா, நீயும் நம்பிட்டு வர்ற."

அவளுக்குச் சுருக்கென்றது. எலியும் காற்றும் பொய் என்றால், ‘கை பழையபடி மேலே போகும்க்கா’ என்று தினமும் சொல்கிறாரே, அதுவும் வலி மறக்கச் சொன்ன கதைதானா?

"பொண்ணோட டிக்‌ஷனரி எங்க?"

"அலமாரி மேல. போன்ல பாரேன்."

"போன்ல வந்தா அதையும் ரீலுன்னு சொல்வீங்க. அச்சுல காட்டுறேன்."

விறுவிறுவென்று போனாள், எடுத்தாள், நின்றபடியே புரட்டினாள். "இதோ! பழைய நார்ஸ் மொழியாம். காத்தும் கண்ணும் சேர்ந்த சொல்லாம். இப்ப என்ன சொல்றீங்க?"

மெஷின் நின்றிருந்தது. அவன் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை.

"எந்தக் கையால எடுத்தே?"

குனிந்து பார்த்தாள். வலது உள்ளங்கை முழுக்க அலமாரி உச்சியின் தூசி.

உடனே மறுபடி தூக்கிப் பார்த்தாள். காதுவரை வந்ததும் சுரீரென்றது.

"ஏங்க, ஏதாவது ஒரு வார்த்தை சொல்லுங்க, சீக்கிரம்!"

"எனக்கென்ன தெரியும்? நான்தான் நைஸாச்சே."

"ரீலா இருந்தாலும் பரவால்ல, விடுங்க!"

அவன் மேஜையைத் துழாவினான். "பட்டன்... பட்டன்னா... ஒரு ராஜாவுக்கு ஏகப்பட்ட தொப்பை. சட்டையோ இறுக்கம். ஒரு நாள் சபையில எழுந்து மூச்சை இழுத்தான் பாரு..."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கை ஏறிக்கொண்டிருந்தது. அது தலையைத் தாண்டும்வரை, பாவம், அந்த ராஜாவை அவன் மூச்சுவிடவே விடவில்லை.