திங்கட்கிழமைத் தலை

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து கேஜ் லிப்டில் மேலே வந்த பர்னபாஸ் குளிக்கக்கூட இல்லை. நேரே தொழிலாளர் லைன் வீடுகளுக்குப் பின்னாலிருந்த கிணற்றடிக்குப் போனான். அங்கே இரண்டு டிரம்கள் நின்றன. வலது டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தான். தலை வலிக்கவில்லை. அவ்வளவுதான், போட்ட கூச்சலில் லைனே கூடிவிட்டது.

"சுத்தம்! தண்ணி சுத்தம்! பாக்டீரியா எல்லாத்தையும் துன்னு தீத்துட்ச்சு!"

மாரிகுப்பத்தில் அந்த லைனுக்கென்று வற்றாத கிணறு அது ஒன்றுதான். அதற்கு மேலே மேட்டில் ஒரு குவாரி கான்ட்ராக்டர் தகரக் கொட்டகை போட்டு, பாறை உடைக்கும் ஜெலட்டின் குச்சிகளை வருடக்கணக்கில் அடுக்கி வைத்திருந்தான். ஜெலட்டின் பழசானால் வியர்க்கும். வியர்வை என்றால் சாதாரண வியர்வை இல்லை, நைட்ரோகிளிசரின். மழைக்கு அது மண்ணில் இறங்கிக் கிணற்றில் சேர்ந்தது. கான்ட்ராக்டர் ஓடிப்போனான், குச்சிகளைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. அந்தத் தண்ணீரில் குளித்தவர்களுக்கு மண்டை பிளந்தது, வாந்தி வந்தது. சுரங்கத்தில் பத்தொன்பது வருடம் வெடி வைத்தவன் பர்னபாஸ். பேயுமில்லை பிசாசுமில்லை, இது வெடிமருந்து தொடுகிறவனுக்கு வரும் பவுடர் தலைவலி என்று அவன்தான் சொன்னான். அன்றோடு கிணற்றை முள் போட்டு மூடினார்கள். அப்புறம் இரண்டு மைல் நடைதான், தலையில் குடம்.

வரும் திங்கட்கிழமை பத்து மணிக்கு முனிசிபாலிட்டி எஞ்சினியர் சௌந்தரராஜன் லாரியில் கல்லும் மண்ணும் கொண்டுவந்து கிணற்றைத் தூர்ப்பதாக நோட்டீஸ் வந்திருந்தது. தூர்த்துவிட்டால் போனது போனதுதான்.

மூன்று வீடு தள்ளி இருந்த லதாவுக்குப் பெங்களூரில் ஒரு கல்லூரி லேபில் அசிஸ்டென்ட் வேலை. விடிகாலை ரயிலில் போய் ராத்திரி ரயிலில் திரும்புகிறவள். கொட்டகைக்குப் பின்னால் மட்டும் இடுப்பளவு புல் பச்சைப்பசேலென்று நிற்பதைப் பார்த்தவள் அவள்தான். நைட்ரோகிளிசரினை ஏதோ ஒன்று மண்ணுக்குள் உடைக்கிறது, உடைந்து சிந்துகிற நைட்ரஜன்தான் புல்லுக்கு உரம் என்றாள். அந்த மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்துக் கிணற்றுத் தண்ணீரும் வெல்லமும் மட்டும் உள்ள பாட்டிலில் போட்டாள். அதிலிருந்து ஒரு சொட்டு அடுத்த பாட்டிலுக்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு. வெல்லத்தில் நைட்ரஜன் கிடையாது; அதற்காக நைட்ரோகிளிசரினைத் தின்னத் தெரியாத கிருமியெல்லாம் பட்டினியில் செத்தது. ஐந்தாவது பாட்டில் கஞ்சி போலக் கலங்கியது. அதைத்தான் வலது டிரம்மில் இருந்த கிணற்றுத் தண்ணீரில் ஊற்றி, இருபது நாளாக வெல்லம் கரைத்து மூங்கிலால் கலக்கினார்கள். இடது டிரம்மில் வெறும் கிணற்றுத் தண்ணீர். அளந்து பார்க்கிற மெஷினைத் தொட அசிஸ்டென்டுக்கு அனுமதி இல்லை. மற்றவர்கள் ஒரு தடவை வாந்தி எடுத்ததே போதும் என்று கிட்டே வரவில்லை. ஆக, மெஷின் பர்னபாஸின் தலைதான்.

ரயில் இறங்கி ஓடி வந்த லதா மூச்சு வாங்கினாள்.

"இன்னைக்கு எத்தினி குச்சி தொட்டீங்கண்ணே?"

"நாப்பது இருக்கும். அதுக்கு இன்னா இப்போ?"

"இடது டிரம்முல கை வைங்க."

வைத்தான். அரை மணி ஆயிற்று. அதிலும் வலிக்கவில்லை. பர்னபாஸின் முகம் கறுத்தது.

தினம் பவுடர் தொடுகிறவன் தலை பழகிவிடும். ஒருநாள் தொடாவிட்டால் திங்கட்கிழமை முதல் குச்சியிலேயே வலி மண்டையைப் பிடித்துக்கொள்ளும். வெடி வைக்கிற பிளாஸ்டர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையும் ஜெலட்டின் சுற்றிய தாள் ஒன்றைப் பனியனுக்குள் சொருகிக்கொண்டு திரிவார்கள். தெரிந்தும் பர்னபாஸ் மறந்தான். சந்தோஷம் அறிவைக் கெடுத்துவிட்டது.

"கோயிலுக்கே வெடித்தாளோட வர்ற ஆளு," என்றாள் அவன் மனைவி பியாட்ரிஸ். "இந்த மண்டைய நம்பி ஊரக் கூட்டிச்சு பாரு."

"சும்மா இருடி."

"நீங்க சும்மா இருங்க. கழட்டுங்க பனியன."

தாள் அடுப்புக்குப் போகவில்லை, ஆபத்து. பியாட்ரிஸ் அதைத் தூரக் கொண்டுபோய்ப் புதைத்தாள். துணிகளை வெந்நீரில் போட்டாள். தேங்காய் நாரால் அவன் முதுகைத் தோல் சிவக்கத் தேய்த்தாள். ஞாயிறு முழுக்க அவனை எதையும் தொடவிடவில்லை.

திங்கட்கிழமை லதாவும் பர்னபாஸும் வேலைக்குப் போகவில்லை. ஒன்பதே காலுக்கு அவன் வலது டிரம்மில் கை வைத்தான். ஒன்பதே முக்கால் ஆயிற்று. ஒன்றுமில்லை. கூட்டம் கத்தியது.

"கத்தாதீங்க," என்றாள் லதா. "தலை முழிச்சிருக்குதா இல்லியான்னே இன்னும் தெரியல."

இடது டிரம். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். லாரி சத்தம் கேட்டது. பன்னிரண்டாவது நிமிடம் பொட்டில் ஆணி இறங்கியது. பர்னபாஸின் முகம் ரத்தச் சிவப்பாகியது. எழுந்து இரண்டடி வைத்து வாந்தி எடுத்தான். எடுத்துக்கொண்டே சிரித்தான்.

"வலிக்குது! ஐயோ, சூப்பரா வலிக்குது!"

லைனே குதித்தது. லாரியிலிருந்து இறங்கிய சௌந்தரராஜன் எல்லாவற்றையும் கேட்டார். நம்பவில்லை.

"கிணறு வேணும்னு நீங்க ஆயிரம் நாடகம் ஆடுவீங்க. உன் தலைவலிக்கு நான் ரிப்போர்ட் எழுத முடியுமாய்யா?"

பர்னபாஸ் வாயைத் துடைத்தான். "அப்போ உங்க தலையில பாருங்க சார். பவுடரே தொடாத புதுத் தலை. லைன்ல யாருக்கும் அப்பிடி ஒரு தலை கிடையாது."

"கம்முனு இருங்க," என்று பியாட்ரிஸ் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பயமா இருந்தா வேணாம் சார்," என்றான் அவன்.

சௌந்தரராஜன் வாட்சைக் கழற்றினார். வலது டிரம்மில் கை வைத்து அரை மணி நேரம் முறைத்துக்கொண்டு நின்றார். ஒன்றுமில்லை. "பாத்தியா, நடிப்பு," என்று இடது டிரம்மில் கை வைத்தார். லதா எண்ணினாள். ஏழாவது நிமிடத்தில் அவர் பேச்சு நின்றது. எட்டாவதில் கையை உருவிக்கொண்டு லாரிப் படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

பியாட்ரிஸ் சொம்பில் குடிதண்ணீர் கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள்.

"கிணறு முழுக்க இத ஊத்தணும்னா," என்றார் கண்ணை மூடியபடியே, "எத்தினி நாளாகும்?"

"மூணு மாசம் சார்," என்றாள் லதா. "மெஷின்ல அளக்க நீங்க ஒரு லெட்டர் குடுத்தா போதும்."

"குடுக்கறேன்."

டிரைவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். "சார், லேட் ஆய்து. லோடு கொட்லாமா?"

"இங்க வேணாம். திருப்பு வண்டிய."

விசில் பறந்தது. யாரோ தகரத்தில் தாளம் போட்டார்கள். சௌந்தரராஜன் காதைப் பொத்திக்கொண்டார்.

"அடப்பாவிங்களா, மெதுவா கத்துங்கய்யா. மண்டை பொளக்குது."