முனியின் நெஞ்சுக்குள்

நாற்பதாவது அத்தியாயத்தை ஏற்றிவிட்டுக் குளிக்கப் போன பிரேமினி ஈரத் தலையோடு திரும்புவதற்குள் கைபேசி அமளிப்பட்டுக் கிடந்தது. ஒன்றரை வருடமாக அவள் இணையத்தில் வரைந்து போடும் படக்கதையில் மலையைக் காப்பது ஒரு முனி. மந்திரம், சாபம், பேசும் சிறுத்தை என்று வாசகர்கள் நிம்மதியாக இருந்தார்கள். இன்று முனியின் நெஞ்சு பிளந்தது. உள்ளே பற்சக்கரங்களும் வயர்களும். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் வேற்றுக் கிரகத்தார் விட்டுப்போன இயந்திரமாம் அது! 'அக்கா, தலை சுத்துது', 'இப்படி ஏமாத்திட்டீங்களே' என்று கொட்டகலையிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஒரே கூச்சல். கெட்டிக்காரிதான், சந்தேகமில்லை.

யோசனை வானத்திலிருந்து வரவில்லை. தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் ரோதமுனி என்றொரு சாமி உண்டு; மெஷின்களுக்குக் காவல். கற்பூரம் காட்டாமல் சக்கரத்தை ஓடவிட மாட்டார்கள். அவள் அப்பா கந்தப்பன் பதினெட்டு வருடம் ஒருநாள் தவறாமல் காட்டினார். இரண்டு வருடத்துக்கு முன், கற்பூரம் காட்டிய அதே காலையில், மெஷின் பெல்ட் அவரை உள்ளே இழுத்துக்கொண்டது. சாமியாவது பூதமாவது என்று அவளுக்கு வெறுத்துப்போயிற்று. அந்த வெறுப்பைத்தான் இத்தனை அத்தியாயமும் பொத்தி வைத்திருந்தாள்.

அம்மா நாகலெட்சுமிக்கு வாசிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில், கொழுந்து பறிக்கப் போகாத நாளில், மகள் வாசிக்க அவள் படம் பார்ப்பாள். கதையின் தொடக்கத்திலேயே முனி ஒரு வீரனை விழுங்கியிருந்தது; அவனுக்கு அப்பாவின் முகத்தைத்தான் பிரேமினி போட்டிருந்தாள். வேறு முகம் கைக்கு வரவில்லை. அம்மா அதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை.

இன்று மகள் வாசித்து முடித்ததும் அம்மா கேட்டாள்: "அப்ப அவர முனி திருப்பித் தராதா?"

ஒன்றரை வருடமாக இந்த மனுஷி காத்துக்கொண்டல்லவா இருந்திருக்கிறாள்!

"அம்மா, இது கதைம்மா."

"கததான். எனக்குத் தெரியாதா?" அம்மா நெஞ்சு பிளந்த படத்தைத் தொட்டுக் காட்டினாள். "சாமின்னா கும்பிடத்தான் முடியும் புள்ள. மெஷினுன்னா ரிப்பேர் பாக்கலாம்தானே? தொறந்து, உள்ள இருக்குறவர எடுக்கலாம்தானே?"

இயந்திரத்தைச் செய்தவர்கள் எல்லோரும் செத்துப்போனார்கள், இனி அதைத் திறக்க யாருமில்லை என்று எழுதியவள் பிரேமினியேதான். வாசகர்கள் அதற்குத்தான் அதிகம் கைதட்டியிருந்தார்கள்.

அம்மா போனை வாங்கி, கொழுந்துக் கறை ஏறிய பெருவிரலால் கடைசிப் படத்தை மேலே தள்ளினாள். கீழே வெறும் கறுப்பு. இன்னும் தள்ளினாள்.