நான்காவது வரி

பியானோக்காரி என்றால்தான் அந்தத் தெருவில் அவளைத் தெரியும். கவிதைகளுக்கு இசையமைப்பது அவள் தொழில். கேட்டவுடன் வாயில் ஒட்டிக்கொள்கிற மெட்டெல்லாம் அவளிடம் கிடையாது. அடுத்தடுத்த கட்டைகளைச் சேர்த்து அழுத்துவாள்; பாட்டின் நடுவே சட்டென்று நிறுத்தி நாலு மூச்சு சும்மா இருப்பாள். “லிப்ட் பாதியில நின்ன மாதிரி இருக்கு அண்ணி” என்று நாத்தனார் கேலி செய்வாள். அவற்றைப் பாடுவதும் அதே நாத்தனார்தான். பள்ளியில் தமிழ் டீச்சர். அடங்கிய, கனமான குரல்.

அவர்களைத் தேடி ஒருநாள் பல் டாக்டர் வந்தார். மூன்று வருடங்களுக்கு முன் அவருடைய மனைவி வீட்டு மாடிப்படியில் விழுந்து இறந்திருந்தாள். கவிதை எழுதுகிறவள்.

“அவ கவிதை அஞ்சு எடுத்து வச்சிருக்கேன். நினைவு நாளுக்கு நீங்க பாட்டாக்கித் தரணும்” என்றார். வலிக்காது என்று சொல்லி ஊசி போடுகிறவரின் குரல்.

நான்கு கவிதைகள் அவள் கையெழுத்திலேயே நகலெடுக்கப்பட்டிருந்தன. ஐந்தாவது மட்டும் டைப் அடித்த தாள்.

“அவ நோட்டுல அந்தப் பக்கம் மட்டும் தண்ணி பட்டு நைஞ்சு போச்சு. எனக்கு மனப்பாடம்தான், டைப் பண்ணிட்டேன்.”

ஞாயிறு காலை ஒத்திகைக்கு அவரும் தவறாமல் வந்தார். பியானோக்காரியின் முதுகுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொள்வார். இசையைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர் மூச்சு விடுவது மட்டும் அவளுக்குக் கேட்கும். அவர் இருக்கும்போது அவள் இடது கை ஏனோ இறுகிப்போனது. பாவம், மனைவி மேல் உயிரையே வைத்திருந்தவர் என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

நான்கு பாடல்கள் முடிந்தன. ஐந்தாவதுதான் மல்லுக்கு நின்றது.

*படியில் நின்றேன், பகலும் நின்றது.*
*கொடியில் காய்ந்தன நேற்றைய துணிகள்.*
*நொடியில் தெரிந்தது வீட்டின் ஆழம்.*
*தவறி விழுந்தது தனியொரு பாதம்.*

ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் வருகிற ‘டி’யில் இடது கை ஒரு தாழ்ந்த சுரத்தைத் தட்டுவதாக அமைத்திருந்தாள். நான்காவது வரியில் அந்தத் தட்டு விழ இடமே இல்லை. எட்டு நாள் மாற்றி மாற்றிப் பார்த்தும் உட்காரவில்லை.

“உங்க மேல தப்பில்ல அண்ணி” என்றாள் நாத்தனார், அடுத்த ஒத்திகையில். “எதுகை இடிக்குது. படி, கொடி, நொடின்னு கொண்டுவந்தவ இங்க போய்த் ‘தவறி’ன்னு போடுவாளா? அடி, மடி, பிடி... ஏதாவது ஒண்ணுதான் வந்திருக்கணும். வாசிங்க, பார்ப்போம்.”

பியானோக்காரி வாசித்தாள். மூன்று வரிகளைப் பாடிவிட்டு நாத்தனார் வாய்க்கு வந்ததைப் போட்டாள்: “பிடியில்...” மீதியை வெறும் ராகமாக இழுத்தாள். தாழ்ந்த சுரம் சரியான இடத்தில் போய் விழுந்தது.

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

“மீதியையும் படிச்சிட்டீங்களா?” என்றார் டாக்டர்.

பியானோக்காரி கட்டைகளிலிருந்து கையை எடுக்கவில்லை. நாத்தனார் அவரையே பார்த்தாள்.

“எதோட மீதி சார்?”

அவர் எழுந்தார். பிறகு புன்னகைத்தார். “சும்மா கேட்டேன்” என்று குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அவசரமே இல்லாத காலடிகள்.

“அண்ணி, நான் சும்மா வாய்க்கு வந்ததைத்தான் பாடினேன்.”

“தெரியும்டி. கதவைத் தாழ் போடு.”

மறுநாள் பள்ளி வாசலில் அவர் நின்றிருந்தார்.

“டீச்சர், அந்தக் கடைசிப் பாட்டு வேணாம். விட்டுடுங்க.”

“ஏன் சார்?”

“உங்க குரலுக்கு நல்லதில்ல.” அவர் பார்வை அவள் கழுத்தில் நின்றது. “ஒரு டாக்டரா சொல்றேன்.”

அன்று மாலை நாத்தனார் பள்ளி வாசலில் நடந்ததை அண்ணியிடம் சொன்னாள். “அண்ணன்கிட்ட சொல்லிடலாமா?”

“உனக்கெதுக்கு ஊர் வம்புன்னுதான் உங்க அண்ணன் சொல்வார். செத்துப்போனவளுக்கு ஒரு தங்கச்சி இருக்காளாமே, தபால் ஆபீஸ்ல. வா, போவோம்.”

தங்கை முத்திரை குத்துவதை நிறுத்திவிட்டு முழுவதும் கேட்டாள். அழவில்லை. “அக்கா தானா விழலைன்னு மூணு வருஷமா நான் சொன்னதை ஒருத்தரும் காதுல போட்டுக்கல. இப்ப அந்த ஆள் வாயாலயே வந்திருக்கு” என்றாள். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அவர்களோடு காவல் நிலையத்துக்கு நடந்தாள்.

பெண் இன்ஸ்பெக்டர் முதலில் பிடிகொடுக்கவில்லை. “எதுகை சரியில்லன்னு எப்.ஐ.ஆர். போட முடியுமாம்மா?” ஆனாலும் பழைய கோப்பை எடுத்துவரச் சொன்னாள். படித்தாள். இறந்தவளின் தலையில் ஒரு பக்கம் முடி வேரோடு பிய்ந்திருந்ததாகப் பிரேத பரிசோதனை அறிக்கையில் ஒரு வரி இருந்தது. அதை அன்று யாரும் கேள்வி கேட்கவில்லை.

நினைவுக் கூட்டம் நடக்கவில்லை. டாக்டரின் கிளினிக்கில், பல் அச்சுகள் அடுக்கியிருந்த அலமாரிக்கடியில் போலீசுக்கு அவள் கவிதை நோட்டு கிடைத்தது. எந்தப் பக்கமும் நனைந்திருக்கவில்லை. அந்தக் கவிதைக்குக் கீழே, அவள் விழுவதற்குப் பதினோரு நாள் முந்தைய தேதி. கவிதையில் எழுதிய அந்த முறை எப்படியோ தப்பித்திருக்கிறாள். அவர் ஏன் அதைக் கிழித்துப் போடவில்லை என்பது யாருக்கும் புரியவில்லை.

வழக்கு விசாரணைக்கு வந்த அன்று மூன்று பெண்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நீதிபதி கவிதையைப் படிக்கச் சொன்னார். குமாஸ்தா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சொத்துப் பத்திரம் வாசிப்பது போல நிறுத்தி நிறுத்திப் படித்தார். மூன்றாவது வரி முடிந்து பக்கத்தைத் திருப்புவதற்காக நின்றார்.

பியானோக்காரி கூண்டைப் பார்த்தாள். டாக்டர் கண்களை மூடியிருந்தார். குமாஸ்தா வாய் திறப்பதற்கு முன்பே அவர் உதடுகள் அசைந்தன.

“பிடியில் இருந்தது பின்னலின் நுனி” என்று படித்தார் குமாஸ்தா.

தங்கை பியானோக்காரியின் கையைப் பற்றினாள். நகம் பதிகிற அளவுக்கு.