நகராத கருப்பு

பல் டாக்டர்களுக்கு எக்ஸ்ரே எடுத்துக் கொடுத்தே பதினேழு வருடம் ஓட்டிவிட்டேன். அதனால் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். இல்லையென்று நான் சொன்னால் என் அக்காவே சிரிப்பாள்.

ஆறு மாதத்துக்கு முன் அவள் கீழ்ப்பல் கூசுகிறதென்று வந்தாள். படத்தில் பல்லின் வேர் நுனியில் மிளகளவு கருப்பு தெரிந்தது. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, கோணம் மாற்றி இன்னொரு படம் எடுக்கச் சொன்னார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தாடையெலும்பில் நரம்பு வெளியே வருவதற்கு அந்த இடத்தில் எல்லோருக்கும் ஒரு துளை உண்டு. படத்தில் அது வேரோடு ஒட்டிக்கொண்டு நோய் போலவே தெரியும். அதைப் பார்த்துப் பயந்து நல்ல பல்லைப் பிடுங்கிய கதைகள் எனக்கு நாலைந்து தெரியும்.

"அது நரம்பு ஓட்டை, டாக்டர். படிச்சிருப்பீங்களே," என்றேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அக்காவுக்கோ பள்ளிக்கூடத்தில் காலை முதல் பீரியட் எடுக்கிற அவசரம். நான் சொன்னால் போதும் அவளுக்கு. கூச்சத்துக்கு ஒரு பற்பசையை எழுதிக் கொடுத்து அனுப்பினோம்.

இன்று காலை மறுபடி வந்திருந்தாள். பல் வலிக்கவில்லையாம். கீழுதடு ஒரு பக்கம் மரத்துக் கிடக்கிறதாம், டீ வழிவதுகூடத் தெரியவில்லையாம், வகுப்பில் பிள்ளைகள் சிரித்துவிட்டார்களாம். அவள் தமாஷாகத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் துளை வழியே வருவது உதட்டுக்குப் போகிற நரம்பு. ஊசி போடாமல் அது மரத்துப்போகக் கூடாது.

அதே டாக்டர்தான் இருந்தார். இரண்டு கோணத்தில் எடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனார். குத்திக்காட்டியிருந்தால்கூடத் தேவலை.

எக்ஸ்ரே குழாயைப் பக்கவாட்டில் கொஞ்சம் நகர்த்தி எடுத்தால் துளை வேரைவிட்டு விலகித் தெரியும். வேரில் இருக்கிற நோய் வேரோடுதான் இருக்கும். அரை நிமிட வேலை. அன்றைக்கு அந்த அரை நிமிடத்தைத்தான் நான் கொடுக்கவில்லை.

படம் பதிகிற சென்சாரை அவள் வாயில் வைத்தேன். முதல் படத்தில் கருப்பு பெரிதாகத் தெரிந்தது. கோணத்தால் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். குழாயை நகர்த்தி இரண்டாவது படம் எடுத்தேன். திரையில் அது வருவதற்குள் வேண்டாத சாமியில்லை.

நகர்ந்திருந்தது. உருண்டையாக, வேரைவிட்டு நன்றாக விலகி நின்றது துளை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அப்புறம்தான் வேர் நுனியைப் பார்த்தேன். அங்கே இன்னொரு கருப்பு, ஓரமெல்லாம் அரித்தாற்போல, இடம் மாறாமல் இருந்தது. பழைய படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். துளைக்குப் பின்னாலிருந்து அதன் ஓரம் அன்றைக்கே எட்டிப் பார்த்திருக்கிறது.

"என்னடி, ஓட்டைதானே?" என்றாள் அக்கா நாற்காலியிலிருந்து.

டாக்டர் சொல்வார் என்று நழுவியிருக்கலாம். விதிமுறையும் அதுதான். அன்றைக்கு ஞாபகம் வராத விதிமுறை இன்றைக்கு மட்டும் வருகிறதா என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

"ஓட்டை இருக்குக்கா. அதுக்குப் பின்னாடி வேற ஒண்ணும் இருக்கு. என்னன்னு சதை எடுத்துப் பார்த்தாதான் தெரியும். அன்னிக்கே இருந்திருக்கு. டாக்டர் இன்னொரு படம் கேட்டாரு. நான்தான் எடுக்கல."

அவள் கத்தவில்லை. கைக்குட்டையால் உதட்டைத் துடைத்தாள். ஈரம் வேறு இடத்தில் இருந்தது, அது அவளுக்குத் தெரியவில்லை.

"இனிமே என் படத்தை நீ பார்க்க வேண்டாம். அவர் பார்க்கட்டும்," என்றாள்.

தலையை ஆட்டிவிட்டுக் கதவுப் பக்கம் போனேன்.

"அவரைக் கூப்பிட்டுட்டு வந்து என் பக்கத்துல உட்காரு. எனக்குப் பயமா இருக்கு."