மண் தொடாத கம்பி

மலை சரிந்ததற்கு மறுநாள் காலை, ஊரில் தரையைத் தொட்டுக்கொண்டிருந்த கம்பிகள் எல்லாம் வேர் விட்டன. சாய்ந்த மின்கம்பங்களிலிருந்து தொங்கியவை முதலில் பிடித்துக்கொண்டன; பிறகு தொலைபேசிக் கம்பிகள், கேபிள் டிவி ஒயர்கள், மாடிகளிலிருந்து அறுந்து விழுந்த துணிக்கொடிகள். மதியத்துக்குள் தபால் நிலையத்தின் முன்னால் முழங்கால் உயரத்துக்குச் செப்பு இலைகள் துளிர்த்துவிட்டன. மழை அவற்றின் மேல் விழும்போது தகரக் கூரையில் விழுகிற சத்தம் வந்தது. இழுத்துப் பார்த்தவர்கள், வேர் ஆழமாகப் போய்விட்டது என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அன்று அதைவிடப் பெரிய கவலைகள் இருந்தன.

ஊரை விட்டு வெளியே போக ஒரே பாதைதான். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஆறு, இரண்டுக்கும் இடுக்கில் அந்தப் பாதை. ஆற்றின் மேற்கில் அணை விளிம்புவரை நிரம்பிவிட்டதால், ஊரைக் காலி செய்யச் சொல்லிப் பேருந்துகள் அனுப்பியிருந்தார்கள். பெரும்பாலானவர்கள் ஏறிப் போய்விட்டார்கள். கடைசிப் பேருந்துக்காக மூட்டை முடிச்சுகளோடு பள்ளிக்கூட வாசலில் நின்ற இருநூறு பேர்தான் மலை இறங்கும் சத்தத்தைக் கேட்டது. அதற்குப் பிறகு பேருந்தும் வரவில்லை, அது வருவதற்குப் பாதையும் இல்லை.

பல் டாக்டர் அந்த இருநூறு பேரில் இருந்திருக்க வேண்டியவளே அல்ல. அதற்கு முந்தைய பேருந்தில் அவளுக்கு ஜன்னலோர இடம் கிடைத்திருந்தது. வண்டி கிளம்பும் நேரத்தில், ஒரு சாமானை மறந்துவிட்டேன் என்று இறங்கி வீட்டைப் பார்த்து ஓடினாள். அவளைப் பிடித்துக்கொண்டு வர அவள் நாத்தனாரும் இறங்க வேண்டியதாயிற்று. இருவரும் மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது பேருந்து போயிருந்தது. மறந்துபோன சாமான், சிற்றலையில் பேசவும் கேட்கவும் கூடிய ஒரு கை ரேடியோப் பெட்டி. அதோடு ஒரு பேட்டரியும், பிளாஸ்டிக் பலகையில் சுற்றிய கம்பியும்.

நாத்தனார் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே விளையாட்டு டீச்சர். இளவயதில் குண்டு எறிதலில் பரிசுகள் வாங்கியவள். கழுத்தில் விசில் இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் கிடையாது. கல்யாணம் வேண்டாம் என்று அண்ணன் வீட்டிலேயே இருந்துவிட்டாள். அண்ணி கீழே பல் பிடுங்குகிற நேரம் போக, மாடி அறையில் உட்கார்ந்து முகம் தெரியாத ஆட்களோடு மணிக்கணக்காக மழை வெயில் பற்றிப் பேசுவது அவளுக்குப் பிடிக்காது. வீட்டு மனுஷர்களிடம் ஒரு வார்த்தைக்குப் பஞ்சம், ஊர் பேர் தெரியாதவனிடம் ஓயாத பேச்சு என்று அவள் சொன்னது அண்ணியின் காதுக்கு எட்டாமல் இல்லை. அண்ணியும் சளைத்தவள் அல்ல. தன்னைவிட வயதில் சிறியவளை வீட்டுக்குள்ளேயும் "டீச்சர்" என்றே கூப்பிட்டு, நீங்க நாங்க என்று மரியாதை கொடுத்து, அந்த மரியாதையாலேயே அவளைத் தள்ளி நிறுத்தியிருந்தாள். இருவருக்கும் நடுவில் நின்று தலையைச் சொறிகிற வேலை அவள் கணவனுடையது. அவன் அணையில் மதகுப் பிரிவில் இருந்தான். மேலிடத்து உத்தரவு வந்தால் விசையை அழுத்துகிற கை அவனுடையது.

சவரக்கடைக்காரரிடம் ஒரு பாக்கெட் டிரான்சிஸ்டர் இருந்தது. நண்பகல் செய்தியை எல்லோரும் அதைச் சுற்றி நின்று கேட்டார்கள். ஊர் முழுவதும் பத்திரமாகக் காலி செய்யப்பட்டுவிட்டது. அணைக்கு ஆபத்து நெருங்குவதால் மாலை நான்கு மணிக்கு மதகுகள் எல்லாம் ஒருசேரத் திறக்கப்படும். வாசித்தவர் இதைக் காய்கறி விலை சொல்கிற குரலில் சொல்லிவிட்டு விளையாட்டுச் செய்திகளுக்குப் போனார். தாங்கள் அங்கே இல்லை என்பதைத் தங்கள் காதாலேயே கேட்ட ஜனங்கள் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தின் மேல்மாடிகளுக்கு ஏறினார்கள். பிறகு சிலர் மொட்டை மாடிக்கு ஓடி வெள்ளைத் துணியை ஆட்டினார்கள். மேகம் தண்ணீர்த் தொட்டியின் தலைமேல் உட்கார்ந்திருந்தது. அதைத் தாண்டி யாருடைய கண்ணுக்கும் எதுவும் தெரிய வழியில்லை. மதகுகள் ஒன்றாகத் திறந்தால் மூன்று மாடிப் பள்ளிக்கூடம் மூழ்கிவிடும் என்பதை மதகுக்காரன் பெண்டாட்டிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவள் பையைத் திறந்தாள். நாத்தனார் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இந்த டப்பாவுக்காகத்தான பஸ்ஸை விட்டோம். இப்பவாவது பேசுமா?"

"கம்பியை மேல கட்டினா பேசும், டீச்சர். ஆனா கீழ விழக்கூடாது."

கீழே விழுந்தால் என்ன ஆகும் என்பதை எல்லோரும் காலையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவள் வீட்டு மாடியில் பல வருஷமாக நின்ற ஆன்டெனாவின் நுனி காற்றில் அறுந்து தோட்டத்து மண்ணைத் தொட்டு, இப்போது கொத்துக் கொத்தாக இலை விட்டு நின்றது. வேர் விட்ட கம்பிக்குள் போகிற குரல் நேராக மண்ணுக்குள் போய்விடும். ஊரில் மண் படாத நீளக் கம்பி இது ஒன்றுதான் மிச்சம்.

பள்ளிக்கூட மொட்டை மாடியில் ஐந்தாறு பெண்கள் ஈரப் புடவையை உலர்த்தப் பிடிப்பதுபோல் கம்பியை இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொள்ள, பல் டாக்டர் பலகையிலிருந்து அதைப் பிரித்தாள். நடுவில் கேபிள், இரண்டு பக்கமும் இருபது இருபது மீட்டர் கம்பி. நடுப்பகுதியைப் பள்ளிக் கழிவறையிலிருந்து பெயர்த்த பிளாஸ்டிக் குழாயின் உச்சியில் கட்டித் தொட்டியின் மேல் நிறுத்தினார்கள். ஒரு நுனியை மாடியின் கோடியில் கட்டியாயிற்று. மறு நுனிக்கு மாடியின் நீளம் போதவில்லை. அது மைதானத்தைத் தாண்டி எதிரே இருக்கும் தூங்குமூஞ்சி மரத்துக்குப் போக வேண்டும். நுனிகளை நேராகக் கயிற்றில் கட்டவும் கூடாது. பேசும்போது கம்பியில் ஓடும் மின்சாரத்தின் வேகமெல்லாம் நுனியில்தான் வந்து நிற்கும். ஈர மரத்தைத் தொட்டால் வீணாகும், மனிதக் கையைத் தொட்டால் சுட்டுவிடும். அதனால் அவள் தன் கைப்பையிலிருந்த இரண்டு பல் துலக்கும் பிரஷ்களை ஒடித்து, காம்பில் ஊசியைக் காய்ச்சி ஓட்டை போட்டு, கம்பிக்கும் நைலான் கயிற்றுக்கும் நடுவில் கட்டினாள்.

நாத்தனார் கயிற்றின் முனையில் வகுப்பறைப் பூட்டு ஒன்றைக் கட்டிக் கையில் நிறுத்துப் பார்த்தாள். முதல் வீச்சு கிளைக்கு முன்னாலேயே தண்ணீரில் விழுந்தது. இழுத்து, துடைத்து, இரண்டு எட்டு பின்வாங்கி, உடம்பைச் சுழற்றி விட்ட இரண்டாவது வீச்சில் பூட்டு கிளையின் கவட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியது. யாரும் கைதட்டவில்லை. யாராவது போய் அதை அங்கிருந்து இழுத்துக் கட்ட வேண்டும். மைதானத்தில் முழங்காலளவு சேறும் தண்ணீரும். யார் போவது என்று பேச்சு எழுவதற்கு முன்பே அவள் படியில் இறங்கிப் போய்விட்டாள். அவள் அங்கே இழுக்க, இங்கே பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாக விட, கம்பி மைதானத்தின் மேல் தொய்வில்லாமல் நகர்ந்தது. ஓர் இடத்தில் அது தாழ்ந்து தண்ணீரை ஒரு முழ உயரத்தில் பார்த்தபோது மாடியில் இருந்தவர்கள் விடுவதை நிறுத்தி இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு அது மேலே ஏறி விறைத்தது.

மணி மூன்று. தினமும் அந்த நேரத்தில் அவளுடைய சிற்றலைக் கூட்டாளிகள் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். எப்போது கூப்பிட்டாலும் விழித்திருப்பதால் ஆந்தை என்று பெயர் வாங்கிய ஒருவர்தான் கூட்டத்துக்குத் தலைவர். அவரும் அவளும் பதினோரு வருஷமாகப் பேசுகிறார்கள். நேரில் பார்த்தால் அடையாளம் தெரியாது. அவள் பெட்டியைப் போட்டாள். இரைச்சலுக்கு நடுவில் அவர் யாரிடமோ தன் முட்டிவலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் குறுக்கே புகுந்து அவசரம் என்று மூன்று முறை சொல்லித் தன் அழைப்பு எழுத்துகளைச் சொன்னாள். முட்டிவலி நின்றது. யாரோ ரொம்ப மெதுவாகக் கூப்பிடுகிறார்கள், ஒன்றும் பிடிபடவில்லை, மற்றவர்கள் சும்மா இருங்கள் என்றார் ஆந்தை.

அப்போதுதான் காற்று அந்தக் கிளையை முறித்தது. கயிறு தளர்ந்து, கம்பி மைதானத்தின் மேல் சரிந்து இறங்கியது. பிரஷ் காம்பு மரத்தில் மோதி உடைந்து தெறித்தது. மரத்தடியில் நின்ற நாத்தனார் பாய்ந்து, சேற்றுக்கு ஒரு சாண் மேலே நுனியைப் பிடித்தாள். பிடித்த கையைத் தலைக்கு மேல் உயர்த்திக்கொண்டு, கால்களை அகட்டி நின்றாள். கம்பியின் முனையில் வெள்ளையாக ஒரு முளை கிளம்பி மண்ணைத் தேடி வளைவதை அவள் பார்த்தாள்.

"விட்டுடாதே!" என்று மாடியிலிருந்து பல் டாக்டர் கத்தினாள். இத்தனை வருஷத்தில் அவளை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"விடல அண்ணி. நீங்க பேசுங்க."

"சுடும். நான் பேசற ஒவ்வொரு வார்த்தைக்கும் உனக்குக் கை சுடும்."

"பேசுங்கன்னு சொல்றேன்ல."

பொத்தானை அழுத்தினால் மட்டும் சுடாது, சத்தம் போனால்தான் சுடும். அதை நன்றாகத் தெரிந்த பல் டாக்டர், வாயைத் திறப்பதற்கு முன்னால் வாழ்நாளில் முதல்முறையாக வார்த்தைகளை எண்ணிப் பார்த்தாள். ஊர் காலியாகல, என்றாள். கீழே நாத்தனாரின் தலை சட்டென்று பின்னால் போனது. இருநூறு பேர் இருக்கோம், என்றாள். நாத்தனாரின் கை இறங்கவில்லை. அவள் பொத்தானை விட்டுவிட்டுக் காத்திருந்தாள். இரைச்சல். பிறகு ஆந்தையின் குரல், மன்னிப்புக் கேட்கிற தொனியில், திரும்பச் சொல்லச் சொன்னது.

அவளால் திரும்பச் சொல்ல முடியவில்லை. மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். தோலைச் சுட்டுவிட்டுத்தான் அந்த இரண்டு வாக்கியங்களும் போயிருந்தன. அப்படியும் போய்ச் சேரவில்லை. சுற்றி நின்ற யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை, அவள் முகத்தையும் பார்க்கவில்லை. நாத்தனார் மற்றக் கையால் கழுத்திலிருந்த விசிலை எடுத்து வாயில் வைத்து ஊதினாள். ஓட்டப் பந்தயத்தில் பிள்ளைகளைக் கிளப்பி விடுகிற அதே ஒற்றை ஊதல். பல் டாக்டர் பொத்தானை அழுத்தினாள்.

முதல் வார்த்தை போனபோதே, மண்ணைத் தேடிக் களைத்த அந்த முளை நாத்தனாரின் உள்ளங்கையில் இறங்கியது. ரேகை வழியாக நுழைந்து, மணிக்கட்டுவரை மயிரிழை மயிரிழையாகப் பிரிந்து பரவியது. அவளுக்கு வலி தெரியவில்லை. சூடு அடங்கி, கையில் யாரோ குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவதுபோல் இருந்தது என்று பிறகு சொன்னாள். மேலே பெட்டியின் இரைச்சல் துடைத்துவிட்டது போல் நின்றது.

"இப்ப பக்கத்து ரூம்ல இருந்து பேசற மாதிரி கேக்குது," என்றார் ஆந்தை. "சொல்லும்மா. எங்க இருக்கே?"

அவள் சொன்னாள். அணைக்குப் போன் செய்யச் சொன்னாள். நாலு மணிக்கு ஷட்டரைத் திறக்கப்போகிறவர் என் வீட்டுக்காரர், அவர் தங்கச்சியும் நானும் பஸ் ஏறவில்லை, பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம் என்று சொல்லுங்கள் என்றாள். அவர் இருக்கச் சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு அலைவரிசையில் ஓசையே இல்லை. எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேர் பெட்டிக்கு முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சவரக்கடைக்காரர் தன் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஒரு தாய் பிள்ளைகளைத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏற்றி உட்காரவைத்தாள். கீழே நாத்தனார் கையை இறக்காமல், மேற்கே ஆற்றின் வளைவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளைச் சுற்றித் தண்ணீர் தொடைவரை ஏறியிருந்தது. மேலே வரச் சொல்லி யாரோ கூப்பிட்டதற்கு, நுனி கையை விடாது, வந்தால் கம்பி தொய்ந்துவிடும் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

நாலு அடிக்கச் சற்று முன்னால் ஆந்தை திரும்பி வந்தார்.

"சொல்லிட்டேன். முதல்ல யாரும் நம்பல. அப்புறம் ஒருத்தர் போனை வாங்கினார். கையை எடுத்துட்டேன்னு அவங்ககிட்ட சொல்லுங்கன்னார். அவ்வளவுதான்."

அணை உடைந்தால் யார் பொறுப்பு என்று மேலிடத்தில் கூச்சல் கிளம்பியதாம். பல் டாக்டரின் கணவன் ஒவ்வொரு மதகாக, விரற்கடை விரற்கடையாக, மறுநாள் விடியும்வரை திறந்தான். அணை முனகியது, உடையவில்லை. தண்ணீர் பள்ளிக்கூடத்தின் முதல் மாடிப் படிகளில் பாதிவரை ஏறி வந்து, யோசித்துவிட்டு, இறங்கியது. மறுநாள் படகுகள் வந்தன. இருநூறு பேரும் ஏறினார்கள்.

அன்று ஆந்தையோடு பேசி முடித்தவுடனேயே பல் டாக்டர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போய்த் தன் குறடால் கம்பியை உள்ளங்கைக்கு ஒரு விரல் தள்ளி நறுக்கி, நாத்தனாரைத் தோளில் சாய்த்துக் கொண்டுவந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். வேரை எடுத்தால் கை போய்விடும், விட்டால் ஒன்றும் ஆகாது என்றார்கள். ஒன்றும் ஆகவில்லை. அண்ணன்காரன் வீட்டுக்கு வந்த அன்று தங்கையின் கையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். இலை விடுமா என்று கடைசியில் கேட்டான். விட்டால் பறித்துக்கொள்ளலாம் என்றாள் அவள்.

வருஷங்கள் போயின. ஊரில் கம்பி மரங்கள் ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்தன. நகராட்சி வருஷத்துக்கு ஒரு முறை கிளை வெட்டுகிறது. இடி இடிக்கும் நாளில் அடியில் நிற்க வேண்டாம் என்று பலகை வைத்திருக்கிறது. விளையாட்டு டீச்சர் தலைமை ஆசிரியை ஆகி, இன்னமும் விசிலோடுதான் நடமாடுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பல் நாற்காலியில் கையை நீட்டி உட்காருவாள். அண்ணி விளக்கைத் திருப்பி வைத்து, உள்ளங்கையில் வளர்ந்திருக்கும் செப்பு நுனியை நகம் வெட்டுவதுபோல் வெட்டிவிடுவாள். வெட்டும்போது இருவரும் சண்டை போடுவார்கள். இப்போதெல்லாம் சண்டையில் நீ, போ, வா எல்லாம் உண்டு.

சில நாட்களில் டாக்டர் யாருக்காவது பல் பிடுங்கிக்கொண்டிருக்கும்போது, நாத்தனார் கூடத்திலிருந்து உள்ளங்கையைச் சொறிந்தபடி வந்து வாசலில் நிற்பாள்.

"அண்ணி, உங்களை யாரோ கூப்பிடறாங்க."

"ஆந்தையா?"

"இல்ல, புதுக் குரல். ரொம்ப தூரம் போலிருக்கு."

டாக்டர் கையைக் கழுவிவிட்டு, நாற்காலியில் இருப்பவரிடம் பஞ்சைக் கடித்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு மாடிக்குப் போவாள். பெட்டியைப் போட்டால், கூப்பிட்டுக்கொண்டுதான் இருப்பார்கள்.