அண்ணன் பெயரில் போனவன்

தம்பி போர்முனையில் குண்டடி பட்ட அன்று, ரத்தம் கொட்டியது வீட்டில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த அண்ணனின் இடது தோளில். காலர் வைத்துக்கொண்டிருந்த வெள்ளைச் சட்டை வீணாகிவிட்டதால் வாடிக்கையாளருக்குப் புதுத் துணி எடுத்துத் தைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. தெரு டாக்டர் தோளைக் கீறி ஈயத்துண்டை எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். நல்லவேளை, எலும்பில் படவில்லை என்றார். எப்படி வந்தது என்று கேட்கவில்லை. படையில் சேரச் சொல்லி உத்தரவு வந்தது அண்ணன் பெயருக்கு, போனவன் தம்பி. பெயரைத் தேடி வருவது பெயருக்கு உரியவனிடம்தானே வரும் என்று தெருவில் எல்லோரும் சமாதானமாகிவிட்டார்கள்.

உத்தரவு வந்தபோது அண்ணி மசக்கையில் இருந்தாள். அண்ணன் சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். தம்பிக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை, ஆனால் அண்ணன் உயரம் இருந்தான். "நீ போயிட்டு வந்துடுடா. வந்ததும் நானே கூட வந்து பேரை மாத்திக் குடுக்கறேன்" என்றான் அண்ணன். அண்ணி பெட்டியில் துணி அடுக்கினாள். அதன்பிறகு கெண்டைக்காலில் வெடிகுண்டுச் சில்லு, தாடையில் வெட்டு, முதுகில் தீப்புண் என்று ஒவ்வொன்றாக அண்ணன் உடம்பில் வந்து சேர்ந்தன. அண்ணி பழைய துணியைக் கிழித்துக் கட்டுப் போட்டாள். சண்டை மூண்டிருக்கிறது என்பதைச் செய்தித்தாளுக்கு முன்பே அவள் சொல்லிவிடுவாள். புதுக் காயத்தைப் பார்த்தால் கொழுந்தன் உயிரோடு இருக்கிறான் என்று நிம்மதி வரும். புருஷன் வலியில் முனகும்போது வந்த அந்த நிம்மதிக்காகத் தன்மேலேயே வெறுப்பும் வரும்.

தம்பி ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்தான். வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்து, ஒரு பாதியில் பூட்டு ரிப்பேர் கடை போட்டு, கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டான். ராணுவச் சேவைப் பதிவேட்டில் பெயரைத் திருத்துவது தள்ளிக்கொண்டே போனது. முதலில் அண்ணனுக்குப் பள்ளிச் சீருடை தைக்கும் அவசரம், பிறகு மகளின் பிரசவம், அதன்பின் முழங்கால் வலி. "என்னடா அவசரம், பேரு என்ன கால் முளைச்சு ஓடிடப்போகுதா?" என்பான் அண்ணன். தலை நரைத்த பிறகும் அதையே சொன்னான்.

அந்தச் சமயத்தில்தான் பதுங்குகுழியில் தம்பியோடு இருந்து செத்துப்போன மூன்று பேரும் மத்தியான வேளைகளில் தெருவுக்கு வரத் தொடங்கினார்கள். சகதி காயாத பூட்ஸ், அன்றைக்கிருந்த அதே இளவயது. ஒருவன் நெட்டை, ஒருவன் திக்குவாய், ஒருவன் எந்நேரமும் பசிக்கிறவன். தம்பி கையிலிருந்த பூட்டைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவர்கள் முன்னால் நின்றான். கிழவனாகிவிட்ட அவன் முகம் அவர்களுக்குத் தெரியவில்லை. அவர்களிடம் இருந்தது பெயர் ஒன்றுதான். நெட்டையன் மரியாதையாக அண்ணன் பெயரைச் சொல்லி, "அவரு வீடு எதுங்க ஐயா?" என்று கேட்டான். தம்பி நான்தான் என்றான். தன் பெயரையும் சொன்னான். அப்படி ஒருவரைத் தெரியாது என்று வருத்தம் தெரிவித்துவிட்டு அடுத்த கதவைத் தட்டினார்கள். அண்ணன் பயந்துபோய் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். மறுநாளே தம்பி பெயரைத் திருத்தக் கேட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தான்.

பதிவு அலுவலகத்துக்கு அண்ணன், தம்பி, அண்ணி மூவரும் சேர்ந்துதான் போனார்கள். அதிகாரி கோப்பிலிருந்த காயங்களை வாசித்துவிட்டுத் தம்பியின் சட்டையைக் கழற்றச் சொன்னார். "சண்டைக்குப் போன உடம்பாங்க இது? பச்சப்புள்ளை உடம்பு மாதிரி இருக்கே" என்றார். தம்பி பொறுமையாக நடந்ததையெல்லாம் சொல்லி, அண்ணனைப் பார்த்தான். அண்ணன் தன் சட்டையைக் கழற்றி மனைவியின் மடியில் வைத்தான். அதிகாரி தோள், தாடை, முதுகு, கால் என்று வரிசையாகச் சரிபார்த்தார். எதுவும் குறையவில்லை.

"அப்ப யாருங்க போனது?"

அண்ணன் தன் தோளையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "நான்தான் போனேன்" என்றான்.

தம்பி சிரித்துவிட்டான், அண்ணன் விளையாடுகிறான் என்று. பிறகு அண்ணன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். அதிகாரி அண்ணியிடம் திரும்பி, இந்தக் காயங்களுக்குக் கட்டுப் போட்டது யார் என்று கேட்டார். பஸ்ஸில் வரும்போது அவள் எல்லாவற்றையும் மனதுக்குள் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தாள். படுத்துக்கொண்ட புருஷன், அடுக்கிய பெட்டி, எல்லாம். அதில் ஒன்றையும் அவர் கேட்கவில்லை.

"நான்தாங்க போட்டேன். இவருக்கு."

சொன்னதில் பொய் இல்லை. அவள் மடியிலிருந்த சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டத் தொடங்கினாள். தம்பி தன்னையே பார்க்கிறான் என்று தெரிந்தது. கடைசிப் பொத்தானை மாட்டிய பிறகும் நிமிரவில்லை. பதிவில் பிழையில்லை என்று அதிகாரி எழுதி முத்திரை வைத்தார். திரும்பும்போது பஸ்ஸில், காற்று வருமென்று தம்பி வழக்கம்போல ஜன்னலோர இடத்தை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்தான்.

அதன்பிறகு அண்ணன் தாழ்ப்பாள் போடுவதில்லை. மூன்று பேரும் வந்து தையல் மெஷினைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பசிக்காரனுக்கு அண்ணி முதலில் தட்டு வைத்தாள். தெருக்காரர்கள் தரையில் சகதித் தடத்தைப் பார்த்தால், இன்றைக்கு அவர்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு தைக்கக் கொடுத்ததை வாங்கிப் போனார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் தம்பி பூட்டுகளுக்கு அரம் போட்டுக்கொண்டிருப்பான். அண்ணன் போரைப் பற்றிப் பேசுவான். ஆற்றை இடப்பக்கம் என்பான், அது வலப்பக்கம் இருந்தது. தம்பி அரத்தை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவான்.

ஒருநாள் திக்குவாயன், கர்னலின் கழுதைக் கதையைச் சொல்லச் சொன்னான். மழை விடாத அந்த வாரம் முழுக்கப் பதுங்குகுழியில் தம்பி சொல்லி அவர்களைச் சிரிக்கவைத்துக் காப்பாற்றிய கதை. அண்ணன் ஏதோ தொடங்கி, கழுதை ஆற்றங்கரைக்கு வந்ததும் நின்றுபோனான். நெட்டையன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளும் ஓசை கேட்டது.

தம்பி சுவரில் நெற்றியை வைத்து, "சல்யூட் அடிக்கலேன்னா கழுதைக்கும் தண்டனைதான்னாரு கர்னல்" என்று மெதுவாகச் சொன்னான்.

அந்தப் பக்கம் வெடித்த சிரிப்பில் மேஜையிலிருந்த கத்தரிக்கோல் கீழே விழுந்தது. அண்ணன் முதுகில் யாரோ தட்டினார்கள். அவன் பெயரைச் சொல்லி, நீ மாறவேயில்லைடா என்றார்கள். குரல் எங்கிருந்து வந்தது என்று அண்ணிக்குத் தெரிந்தது. அவள் சுவரைப் பார்த்தாள். பிறகு அவர்களுக்கு இன்னொரு தடவை டீ ஊற்றினாள்.